நாய் கீறிய கதவும் பொலிஷ் அக்காவும்

காலியான அலுமாரியின் கதவைத் தட்டி, "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்து நிற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரைப் பொலிஷ் அக்கா என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பேர் உண்டு. ஆனால் கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அதைச் சொல்ல மாட்டார். பூசாரி கேட்டால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று தட்டை நீட்டுவார். அவருக்குப் பிடிக்காததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நாய் கீறிய மரத்தைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் தரைப்பலகைக்கும் கதவுக்கும் பொலிஷ் போட்டுப் பழகிய கை. நாங்கள் வரிசை அறைகளான லயத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டதில்லை. லயத்துக் கதவு என்றால் நாலு பலகை, அடியில் எண்ணெய் டின்னை வெட்டி அடித்த தகரம். நாய் கீறினால் கீறட்டும். தனிவீடு வந்த பிறகுதான் கதவு பெரிய விசயமாகிவிட்டது. பலா மரத்தில் கதவு போட்டு, வார்னிஷ் அடித்து, குங்குமம் வைத்து, அதன்பிறகு நாய் வந்து நாலு கோடு இழுத்தால் வயிறு எரியும்தானே. நோர்வூட் பக்கம் எங்கே கதவு கீறப்பட்டாலும் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

துணிப்பையோடு வருவார். அதில் பழைய சேலைத்துணி, தேன்மெழுகு டின், நைசான சேண்ட் பேப்பர், சுண்டக் காய்ச்சிய தேயிலைச் சாயம் ஒரு போத்தல். கீறலைத் தேய்த்து மழுக்கி, அதில் சாயத்தை மூன்று தரம் தடவிக் காயவைத்து, மேலே மெழுகு போட்டு, துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். உரலில் மாவாட்டுகிற நிதானம். முடித்துவிட்டுப் போனால் கீறல் எங்கே இருந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

புத்தியும் சொல்லிவிட்டுப் போவார். "நாய தார் ரோட்டுல நடக்க விடுங்க, நகம் தானா தேயும். கதவுக்கு அடியில வேப்பெண்ணெய் தடவி வைங்க, கிட்ட வராது. மூடணும்னா சாக்க மடிச்சுத் தொங்க விடுங்க. ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க."

இதெல்லாம் சரி. ஆனால் வேலையைத் தொடங்குகிற விதம்தான் பார்க்கிற யாருக்கும் ஒரு மாதிரி இருக்கும். எந்தக் கதவாக இருந்தாலும் முதலில் முழங்காலிட்டு, நாய் நிற்கிற உயரத்துக்குக் குனிந்து, மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே ஆள் உண்டா என்று கேட்பார். பிறகு காதை மரத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருப்பார். அலுமாரிக்கும் அப்படித்தான், கக்கூஸ் கதவுக்கும் அப்படித்தான். ஆள் குடிவராத புது வீட்டில், சாமான்கூட வைக்காத அறைக் கதவுக்கும் அப்படிச் செய்ததை நானே பார்த்தேன். அவர் காது வைத்திருக்கிற அந்த நேரம் வீட்டில் யாரும் பேச மாட்டோம். ஏன் என்று தெரியாது, நாங்களும் சேர்ந்து கேட்க ஆரம்பித்துவிடுவோம். ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காததுதான் முதுகுத்தண்டில் ஏறும்.

அடுத்தது நாயைப் பார்ப்பார். நாய் ஏன் கீறுகிறது என்று தெரியாமல் கீறலை அழிக்க மாட்டார். "நாய் நகத்துக்குப் பொய் தெரியாது" என்பார்.

எங்கள் தோட்டத்து டீச்சர் வீட்டில் நாய் ஓர் அலுமாரியையே பிறாண்டிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரச் சொன்னார். இவர் இரண்டு மணி நேரம் அந்த நாயோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, நாய்க்கிட்ட ஜாதகமா பாக்குறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அடித்தட்டுல என்னம்மா இருக்கு?"

"மகனோட பழைய உடுப்புத்தான். அவன் கட்டாருக்குப் போய் எட்டு மாசம்."

"ஒரு சட்டைய எடுத்து நாய் படுக்கிற எடத்துல போடுங்க."

டீச்சர் அவநம்பிக்கையோடு போட்டார். நாய் அதை முகர்ந்து, மூன்று தரம் சுற்றி, அதன் மேலேயே சுருண்டு படுத்தது. டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குள் போய்விட்டார். அப்புறம்தான் பொலிஷ் அக்கா மெழுகு டின்னைத் திறந்தார். அவர் மேல் எனக்குப் பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

பயம் வந்தது இன்னொரு நாள். எங்கள் கடைக்காரர் வீட்டுக்கு லிந்துலையிலிருந்து அவருடைய மச்சான் வந்திருந்தார். வாய் ஓயாத ஆள், எதற்கும் ஒரு பகிடி. கதவு தேய்க்கப் பொலிஷ் அக்கா வருகிறார் என்று கேள்விப்பட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு அடக்க முடியவில்லை. அக்கா வந்தார், முழங்காலிட்டார், தட்டினார்.

"உள்ள யாரும் இருக்கீங்களா?"

"இருக்கேன்..." என்று குரலைக் கட்டையாக்கி இழுத்தார் மச்சான்.

அக்கா அலறவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்து, நெற்றியை அதில் முட்டி, மெதுவாகச் சொன்னார்:

"எலின்னு நெனச்சிட்டேங்க. மன்னிச்சுக்குங்க. எலின்னுதாங்க நெனச்சேன்."

எங்கள் சிரிப்பெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றது. மச்சான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்களா தம்பி" என்றார். கோபமே இல்லை. ஏமாற்றம் மாதிரி ஒன்று இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்த எலிக் கதையை ஒருநாள் அவரே எனக்குச் சொன்னார். எங்கள் வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே, அரிசி விலை சொல்வது போலச் சொன்னார்.

அவர் புருசன் பங்களாவில் தோட்ட வேலை. ஒருநாள் காலையில் இரண்டு பேருக்கும் சண்டை. துரை குடும்பம் கொழும்புக்குப் போயிருந்தது, விருந்தாளிகளோடு திரும்பி வர இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் புருசனைக் காணவில்லை. கோபத்தில் ஹட்டனுக்குப் போய்க் குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டார். முன்பும் அப்படி இரண்டு தரம் போனவர்தான். பங்களா நாய் பின்பக்கத்துச் சாமான் அறைக் கதவைக் கீறிக்கொண்டே இருந்தது. கனமான பழைய கதவு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற பூட்டு. கதவு பாழாகிறதே என்று இவருக்கு ஆத்திரம். நாயை அடித்து, தூரத்தில் கட்டிவிட்டு, கீறலுக்குச் சாயம் போட்டு மெழுகு தேய்த்தார். மறுநாள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மறுபடி கீறியது. மறுபடி கட்டினார், மறுபடி தேய்த்தார்.

மூன்றாம் நாள் துரை வந்து அந்த அறையைத் திறந்தார். புருசன் உள்ளே கிடந்தார். ஏதோ எடுக்கப் போன இடத்தில் வாதம் அடித்து, வாயும் ஒரு பக்கமும் போய், விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கதவின் உள்பக்கத்தில், அடியில், நாய் கீறுகிற அதே உயரத்தில் நகக்கோடு இருந்ததாம்.

"நாயக் கட்டின பொறகும் பொறாண்டுற சத்தம் கேட்டுச்சு தங்கச்சி" என்றார் அக்கா. "எலின்னு நெனச்சேன். பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தேச்சேன்."

"மாரியம்மா இருக்கா அக்கா" என்றேன்.

"இருக்கா. அவகிட்டயும் கேட்டுட்டேன். டாக்டருகிட்ட கேட்டேன், குறி சொல்றவங்ககிட்ட கேட்டேன். நான் தேக்கிறது அவருக்குக் கேட்டுச்சா, இல்லியா? கேட்டிருந்தா என்னய என்னான்னு நெனச்சிருப்பாரு? அத மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க." கோப்பையில் மிச்சமிருந்ததை மண்ணில் ஊற்றினார். "உள்ள கெடந்த ஆளுதான சொல்லணும்."

என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு மறு வருசம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்து உள்ளறையில் விட்டோம். மழையும் மூடுபனியுமான மாசம், சுவரைத் தொட்டால் கை விறைக்கும். பச்சை உடம்பில் வாடை படக்கூடாது என்று கண்ணாடி ஜன்னலைச் சாத்தி, தேயிலை மிலாறுக் குச்சி எரித்த தணலைச் சட்டியில் அள்ளிக் கட்டிலோரம் வைத்தேன். காலையும் மாலையும் அதில் சாம்பிராணி போட்டேன். என் தாய் எனக்குச் செய்தது, அவள் தாய் அவளுக்குச் செய்தது.

எங்கள் நாய் பூச்சி, மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ரோட்டில் எடுத்து வளர்த்தது. பிள்ளை இருக்கிற அறைக்குள் விட முடியுமா? வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம். அன்றிலிருந்து கீற ஆரம்பித்தது. பக்கத்து வீடுகளில் பேச்சுக் கிளம்பியது. "பச்சப்புள்ள இருக்கிற ரூம நாய் பொறாண்டுனா, அது கண்ணுக்கு ஏதோ படுதுன்னு அர்த்தம்" என்றார்கள். நான் நிலையில் வேப்பிலை கட்டினேன். மாரியம்மாவுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தேன். சாம்பிராணியை இன்னும் ஒரு கை கூட்டிப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். பழைய டயர் டியூபை அகலமாக வெட்டி, கதவின் அடிப்பாதியில் தரையைத் தொடுகிற மாதிரி ஆணி வைத்து அறைந்தார்.

"கூதலும் வராது, நாயும் கீறாது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார்.

"அக்கா ஆணி அடிக்க வேணாம்னு சொல்வாங்கங்க."

"ஒங்கக்கா அலுமாரிகிட்டயே பேசுற ஆளு. அதப் போயி கேட்டுக்கிட்டு."

நாய் நிறுத்தவில்லை. ரப்பரில் கீறியது. கால் போகிறது, கால் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. நான் குசினியிலிருந்து அதைப் பார்ப்பேன். சத்தமில்லாமல் ஒரு நாய் கதவைப் பிறாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கந்தசஷ்டி சொல்வேன்.

மகள் தலை வலிக்கிறது என்றாள். சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றாள். பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். பிள்ளை பால் குடிக்கவும் எழும்பாமல் தூங்கியது. "அழாத புள்ள, தங்கப் புள்ள" என்று பார்க்க வந்தவர்களிடம் பெருமை பேசினேன். சாமி என்னை மன்னிக்கட்டும்.

நாய் பின்னங்காலில் எழும்பி ரப்பருக்கு மேலேயும் இரண்டு கோடு இழுத்துவிட்டது. பேர் வைக்க மருமகன் வீட்டார் வருவார்களே, கதவு இப்படியா இருப்பது என்று பொலிஷ் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்தபோது பகல் இரண்டு மணி இருக்கும். வெளியே எதிர்வீடு தெரியாத அளவு மூடுபனி. பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தவர், கதவின் முன்னால் சத்தமில்லாமல் கால் போட்டுக்கொண்டிருந்த பூச்சியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"எத்தன நாளா இப்புடி?"

"புள்ள வந்ததுலேருந்துக்கா. இன்னைக்கு ரொம்ப மோசம். சோறு வச்சும் வரல."

அவர் முழங்காலிட்டார். ரப்பருக்கு மேலே தட்டினார். "உள்ள யாரும் இருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "மகதான்க்கா இருக்கா. தூங்குறா."

"பதில் சொல்லச் சொல்லு."

"பாவம், ராத்திரி எல்லாம் தலவலின்னா. தூங்கட்டுங்க்கா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். மறுபடி தட்டினார். காதை வைத்தார். பிறகு விரலை மெல்லக் கதவுக்கு அடியில் கொண்டுபோனார். நுழைக்க இடம் இல்லை.

"உள்ள தணல் வச்சிருக்கியா?"

"ஆமா, வாடைக்கு..."

நான் சொல்லி முடிக்கவில்லை. எழுந்து தோளால் கதவை இடித்தார். ரப்பர் தரையில் இறுகிக்கொண்டு கதவு திறக்க மறுத்தது. இரண்டாம் இடியில் திறந்தது. ஒரு வெதுவெதுப்பு முகத்தில் வந்து மோதியது. புகைகூட இல்லை. மகள் கட்டிலில் கண் பாதி திறந்தபடி கிடந்தாள். கன்னம் ரெண்டும் சிவந்து, நல்ல ஆரோக்கியமான பிள்ளை மாதிரி. கூப்பிட்டேன், கண் அசையவில்லை. அவள் பக்கத்தில் பேரன்.

"புள்ளயத் தூக்கிட்டு வெளிய ஓடு. நிக்காத."

ஓடினேன். பனிக்குள் நின்று அதன் முதுகைத் தட்டினேன். துணிப்பொம்மை மாதிரித் தலை தொங்கியது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, எல்லோரையும் கூப்பிட்டிருப்பேன். எவ்வளவு நேரமோ. ஒரு பூனைக்குட்டி சத்தம் போல மெலிசாக ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தால், பொலிஷ் அக்கா என் மகளை அக்குளில் கை கொடுத்துத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அந்த வயதில் அவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. அவர் துணிப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் முடிச்சைக்கூட அவர் அவிழ்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆட்டோவை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மூக்கில் குழாய் வைத்தார்கள். "தணல்லேருந்து வர்ற காத்தும்மா, வாசமே இருக்காது" என்று டாக்டர் சொன்னார். "கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் இல்ல." லயத்தில் ஓட்டைக் கூரை வழியாக எல்லாம் போய்விடும். புது வீட்டில் போக வழியில்லை. இருந்த ஒரே வழி கதவின் அடி, அதையும் நாங்களே ஆணி வைத்து மூடினோம். என் வீட்டுக்காரர் அன்றைக்கே வந்து ரப்பரைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

ஒரு வாரம் கழித்து மகளையும் பேரனையும் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பொலிஷ் அக்கா மறுநாள் காலையில் வந்தார், பை இல்லாமல். பிள்ளையைப் பார்த்தார், நெற்றியில் திருநீறு வைத்தார். என் வீட்டுக்காரர், "அக்கா, நீங்க எங்க கொலதெய்வம்" என்று காலில் விழப்போனார். "போங்க தம்பி, ஆட்டோ ஓட்டப் போங்க" என்று விலகிக்கொண்டார். அவர் கண் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பிள்ளை பார்க்க வரவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சேலை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"மகள், ஒன்னு கேக்கட்டா? அன்னைக்கு நீ உள்ள கெடந்தப்ப... வெளிய இருக்கிறது ஏதும் கேட்டுச்சா?"

மகள் யோசித்தாள். "கேட்டுச்சு பெரியம்மா. கண்ணு தொறக்க முடியல, நாக்கு வரல. ஆனா கேட்டுச்சு."

"என்னா கேட்டுச்சு?"

"நீங்க கதவத் தேக்கிறது கேட்டுச்சு. வட்டம் வட்டமா, மெதுவா. ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தேச்சீங்க. ரொம்ப நேரம்."

அன்றைக்கு அவர் கதவில் துணியே வைக்கவில்லை. தட்டினார், காது வைத்தார், இடித்தார், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா கதையை நான் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார்.

"கேட்டப்ப..." அவர் சேலை ஓரத்தை மறுபடி மடித்தார். "என் மேல கோவம் வந்துச்சா மகள்? நாம இப்புடிக் கெடக்கிறோம், இவ தேச்சிக்கிட்டு இருக்காளேன்னு?"

"கோவமா? எதுக்குப் பெரியம்மா?" மகள் சிரித்தாள். "அது கேக்குற வரைக்குந்தான் பயமா இருந்துச்சு. அப்புறம் பயமே இல்ல. நம்ம ஆளு வெளிய இருக்காங்கன்னு இருந்துச்சு. அந்தச் சத்தம் நின்னுடக் கூடாதேன்னுதான் நெனச்சேன்."

பொலிஷ் அக்கா என் மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தொட்டிலில் பேரன் பசித்து, வீடே அதிர அழுதான். நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் உடனே எழவில்லை.